ஒன்றாம் நம்பர் காம்பவுண்ட்

நான் என் மனைவியைக் காரால் இடிக்கப் பார்த்தேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. சுத்தப் பொய். இடிக்கப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. அதுதான் பிரச்சினை.

நடந்தது இவ்வளவுதான். தெருமுனையில் திரும்பினேன். ஓரத்தில் தபால் பெட்டி ஒன்று நின்றது. இந்த இடத்தில் எப்போது தபால் பெட்டி வைத்தார்கள் என்று யோசிக்கும்போதே தபால் பெட்டி கையை ஆட்டியது. பிரேக்கை மிதித்தேன். தபால் பெட்டி கதவைத் திறந்து, ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தது. சிவப்புப் புடவை மடியில் நூல்கண்டுப் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

"என்னைத் தெரியுதா?" என்றது.

"தெரியுதே."

"எப்போலேருந்து?"

"இப்பத்தான். குரலைக் கேட்டதும்."

அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் பிறகு எனக்கு ஏதாவது ஒன்று பறிபோயிருக்கிறது. முதல் தடவை சிகரெட். அடுத்த தடவை சீட்டாட்டம். இந்தத் தடவை வீட்டு வாசலில் இறங்கியதும் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"வண்டியை வித்துடலாம்."

"எதுக்கு?"

"நீங்க என்னை முடிச்சுடுறதுக்கு முன்னாடி."

கண்ணுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. மறைத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. விழித்திரையின் நடுவில் ஒரு பொட்டளவு இடம் தேய்ந்துகொண்டே வருகிறதாம். எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் புகை படிந்துவிடும். சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். ஒரு ஆளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இருக்காது. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். வாழ்நாள் முழுக்க மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தே பழகியவனுக்கு இது ஒரு குறையா என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆறுதலாக இல்லை.

"தேய்ஞ்சது திரும்ப வராதுங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஸ்டியரிங்கை மட்டும் தொடாதீங்க" என்றார் கண் டாக்டர். வெளியே வந்ததும், "டாக்டர் ஜாக்கிரதையா ஓட்டச் சொல்லிட்டாரு" என்றேன் மனைவியிடம். டாக்டர் பேசியதை முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் அவள். உலகத்தில் இப்படி ஒரு பொய்யை இப்படி ஒரு ஆளிடம் சொன்ன கணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இது புதுக் காயமா பழைய காயமா என்று சொல்வதுதான் தொழில். கீறலைப் பார்த்த மாத்திரத்தில் அது சாவி போட்டதா, ஆணி போட்டதா, ஆத்திரம் போட்டதா என்று சொல்லிவிடுவேன். ஒர்க்‌ஷாப்காரர்கள் என்னைக் கண்டாலே பில்லை மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள். 'கழுகு' என்று எனக்குப் பெயர். அந்தக் கழுகு கடைசியாகப் பார்த்த வண்டிக்கு ஒரு பக்கக் கதவே கிடையாது. கழன்று ஓரமாகக் கிடந்திருக்கிறது. 'கதவில் சேதம் எதுவும் இல்லை' என்று கழுகு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது. அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போனது. பேப்பர் படிப்பது போனது. எதிரே வருகிறவர்களின் முகம் போனது. யார் சிரித்தார்கள், யார் முறைத்தார்கள் என்று தெரியாததால் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துவைத்தேன். தெருவில் எனக்கு லேசாக மறை கழன்றுவிட்டது என்றார்கள். கார் ஒன்றுதான் நிறுத்திய இடத்தில் நின்றது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நான் பழைய ஆள். கியர் எங்கே, ஹாரன் எங்கே என்று கைக்குத் தெரியும். கண் தேவையில்லை. ஓட்டும்போதுதான் அந்தச் சனியன் தேவைப்படுகிறது.

காரும் சாதாரணக் கார் அல்ல. கறுப்பு. கறுப்புக் கார் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி. துணி பட்டால் கோடு. தூசி பட்டால் கோடு. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் உடம்பெல்லாம் வட்டம் வட்டமாகக் கோடு, சிலந்தி வந்து குடும்பம் நடத்திவிட்டுப் போனது மாதிரி. அதைப் போக்குவதற்கென்று பல வருஷமாகச் சேர்த்த பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்திருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வெள்ளைப் பாட்டில், உள்ளே ஒரே மாதிரி வெள்ளைக் குழம்பு. வித்தியாசம் லேபிளில் இருக்கிற எண் மட்டும்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றாம் நம்பர் கட்டிங் காம்பவுண்ட். ரௌடி. பெயிண்டின் மேல்பூச்சையே சீவி எடுத்துவிடும். நாலாம் நம்பர் ஃபினிஷிங் பாலிஷ். புது மாப்பிள்ளை. தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது. நடுவில் இருக்கிற இரண்டும் இந்த இரண்டு பேருக்கும் சமாதானம் செய்துவைக்கிற ஆட்கள்.

இந்த ஞானத்தையெல்லாம் நான் என் மனைவிக்கு வஞ்சனையில்லாமல் வழங்கியிருக்கிறேன். அவள் தையல்காரி. கார் நிற்கும் முன்தாழ்வாரத்தைப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளேதான் அவளுடைய தையல் மெஷின். நான் வெளியே தேய்ப்பேன். அவள் உள்ளே தைப்பாள். வாயில் வரிசையாகக் குண்டூசி.

"காம்பவுண்டும் பாலிஷும் ஒண்ணுன்னு ஊர்ல பாதிப் பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க. காம்பவுண்ட் வெட்டும். பாலிஷ் வருடும்."

"ம்."

"நம்ம வண்டியோட பெயிண்ட் மெத்துனு இருக்கிற ரகம். இதுல போய் ஒண்ணாம் நம்பரைத் தேய்ச்சா அவ்வளவுதான். மூட்டம் போட்டுடும். நாலாம் நம்பரைப் பொறுமையா நாலு தடவை ஓட்டினா போதும். முகம் பார்க்கலாம்."

"ம்."

"கேட்கிறியா?"

அவள் ஊசிகளை எடுத்தாள். "வாயில ஊசி இருந்துச்சு. அதனால கேட்டேன்." மறுபடியும் ஊசிகளைப் போட்டுக்கொண்டாள்.

விற்பது என்று முடிவானதும் மகளுக்குப் போன் போட்டு முறையிட்டேன். "அப்பா, அம்மா சொல்றதைக் கேளுங்க" என்றாள். பேச ஆரம்பித்த வயதிலிருந்து அவள் சொல்லிவரும் வாக்கியம் அது. போனை வைத்துவிட்டேன்.

வாங்குகிற ஆளையும் மனைவியே பிடித்துவிட்டாள். கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். அவர் வீட்டம்மாவுக்கு இவள்தான் துணி தைக்கிறாள். அளவெடுக்கும்போதே பேசி முடித்திருக்கிறாள்.

"சனிக்கிழமை பார்க்க வர்றாரு. கறுப்பு வண்டிதான் வேணுமாம்."

"வரட்டும்."

"கோவமா?"

"கோவப்பட நான் யாரு? டிரைவர் சீட்லேருந்து இறக்கிவிட்ட ஆளு."

"என்னையும்தான் இறக்கிவிடப் பார்த்தீங்க. உலகத்துலேருந்தே."

அவளோடு பேசிப் பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் போனேன். கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் சீரியல் பல்பு கட்டுகிறவன். அவனுக்கு அந்த ஆளைத் தெரியும்.

"அவரா! ரொம்பப் பொல்லாத ஆளு அண்ணே. இன்ஜினைக் கூடத் திறந்து பார்க்கமாட்டாரு. பானெட்டை மட்டும்தான் பார்ப்பாரு."

"பானெட்டுல என்ன பார்ப்பாரு?"

"தலையைப் பார்ப்பாரு. சீப்பை எடுத்து, பானெட்டைப் பார்த்து வகிடு எடுப்பாரு. வகிடு நேரா தெரிஞ்சா வண்டி நல்ல வண்டி. கோணலா தெரிஞ்சாலோ மங்கலா தெரிஞ்சாலோ சீப்பைப் பையில போட்டுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு. மாப்பிள்ளை பொண்ணு இறங்கும்போது போட்டோவுல வண்டி கண்ணாடியா மின்னணுமாம். ஓடலைன்னா தள்ளிக்குவாராம்."

நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இருண்டு கிடந்த என் வாழ்க்கையில் வெகு நாளைக்குப் பிறகு எரிந்த விளக்கு. அந்த மனிதருக்கு வகிடு தெரியக் கூடாது. அவ்வளவுதானே? பெயிண்டில் மூட்டம் போடுவது எப்படி என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஒன்றாம் நம்பரை எடுத்து பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரு போடு போட்டால், கார் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அவர் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அவர் போனதும் நாலாம் நம்பரைப் போட்டு மூட்டத்தை எடுத்துவிடலாம். மேல்பூச்சு கொஞ்சம் தேயும்தான். ஆனால் கார் என்னிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு அதிர்ஷ்டம். மனைவியே ஆரம்பித்தாள்.

"அவர் வர்றதுக்குள்ள வண்டிக்குக் கொஞ்சம் பாலிஷ் போட்டு வையுங்களேன். உங்களைவிட அதை யாரு நல்லாப் பண்ணப்போறாங்க?"

அவள் என்னைப் புகழ்ந்ததைக் கேட்டு நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏதோ, நீ சொல்றதுக்காக" என்றேன். உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் தாழ்வாரத்துக்கு வாளியைக் கொண்டுவந்தேன். பாலிஷ் மெஷினை மாட்டினேன். கட்டிங் வேலைக்கு என்று ஒரு முரட்டுக் கம்பளி பேட் வைத்திருந்தேன். அதை என் மனைவி எப்போதோ ஊசி குத்திவைக்கிற மெத்தையாக மாற்றியிருந்தாள். ஜன்னலுக்குள் அது முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்தது. போகட்டும், ரௌடிக்கு ஆயுதம் எதற்கு என்று மெத்தென்ற ஸ்பாஞ்சு பேடையே போட்டுக்கொண்டேன். வாளியில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தேன். லேபிளைப் பார்த்தேன். புகை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். விறைப்பாக ஒரு குத்துக்கோடு தெரிந்தது. ஒன்று. சரியாக எடுத்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. எவன் சொன்னான் எனக்குக் கண் தெரியவில்லை என்று?

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"எந்த நம்பர் போடுறீங்க?" ஜன்னலிலிருந்து குரல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டேன். "நாலுதான். வேற எதைப் போடுவேன்?"

அவள் எழுந்து ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். நான் பாட்டிலைக் கையால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஆமா, நாலுதான்" என்றாள். போய் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் மறுபடி ஓடியது.

பாவம், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனாள் என்று நினைத்தேன். துணியில் அரை நூல் பிசகினால் கண்டுபிடிப்பவள் என் விஷயத்தில் எவ்வளவு வெகுளி! கொஞ்சம் குற்ற உணர்ச்சி கூட வந்தது.

வேலையை ஆரம்பித்தேன். இந்த மாதிரி ஒரு துக்கமான வேலையை நான் செய்ததே இல்லை. பழைய சர்வேயர், அடுத்தவன் வண்டியில் விழுந்த கீறலுக்கே உச்சுக்கொட்டியவன், சொந்த வண்டியை இப்போது கெடுத்துக்கொண்டிருக்கிறேன். தேய்த்த இடத்தைப் பார்க்க மனசு வரவில்லை. துடைத்துப் பார்த்தால்தானே காயம் தெரியும்? துடைக்கவே இல்லை. நிறையக் குழம்பைக் கொட்டி, தேய்த்து, அப்படியே காயவிட்டேன். காய்ந்து வெள்ளையாக, சாம்பல் பூசியது போலப் படிந்தது. அதுவே பார்க்கப் பரிதாபமாக இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ, சனிக்கிழமை வரைக்கும்தான்" என்று காரிடம் சொன்னேன். ஒன்றாம் நம்பருக்கென்று ஒரு கரகர சத்தம் உண்டு. அது வரவேயில்லை. பாட்டில் பழசு, ரௌடிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, இன்னும் ஊற்றி இன்னும் ஒரு தடவை தேய்த்தேன். அப்புறம் இன்னும் ஒரு தடவை.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து நின்றான். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் திட்டத்தை அவனிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லியிருந்தேன்.

"அண்ணே, இது வந்து..."

"தம்பி!" ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "அயர்ன் பாக்ஸ் ஷாக் அடிக்குது. உடனே வந்து பாருங்க."

"இல்ல அண்ணி, அண்ணன் கையில இருக்கிறது..."

"அண்ணனை விடுங்க. அவரு வேலையா இருக்காரு. ஷாக் அடிக்கிறது எனக்கு."

அவன் உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து போனான்.

"என்னப்பா, என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லண்ணே. நல்லாத் தேயுங்க. ஓரமெல்லாம் விடாம."

என் மனைவியும் அந்த இரண்டு நாளும் என்னைத் தங்கத்தட்டில் வைத்துத் தாங்கினாள். கேட்காமலே டீ வந்தது. தோளுக்குத் தைலம் வந்தது. அவ்வப்போது வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து மேற்பார்வை செய்தாள்.

"இந்தப் பின்கதவு ஓரம் விட்டுப்போச்சு பாருங்க."

"எங்கே?"

அவள் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இங்கே."

தான் விற்கப்போகிற காரைக் கெடுப்பதற்குத் தானே இடம் காட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த இடத்தில் இரண்டு மடங்கு தேய்த்தேன். அவள் கை மட்டும் சட்டென்று என் கையை விட்டுப் போகவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். ஆளின் முகம் எனக்குப் புகைதான். சென்ட் வாசனை நன்றாகத் தெரிந்தது. சட்டைப் பையில் எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது. சீப்பாகத்தான் இருக்க வேண்டும்.

நான் கார் மேல் போட்டிருந்த உறையை எடுத்தேன். கார் முழுக்க வெள்ளைப் படலம்.

"என்ன சார் இது! சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீங்க?"

நான் குரலைத் தழைத்துக்கொண்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம். "என்னமோ தெரியல சார். பாலிஷ் போட்டேன். வண்டிக்கு வயசாயிடுச்சு. பெயிண்ட் செத்துப்போச்சு. இனிமே என்ன போட்டாலும் இப்படித்தான். உங்களை ஏமாத்தக் கூடாது பாருங்க."

"நேர்மையான ஆளா இருக்கீங்க."

"பழகிப்போச்சு சார்."

அவர் திரும்பினார். செருப்புச் சத்தம் இரண்டு அடி போனது. என் மனசு துள்ளியது. இன்னும் கொஞ்சம் போனால் கேட். கேட்டைத் தாண்டினால் வெற்றி. அப்போது தாழ்வாரத்துக் கதவு திறந்தது.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் என் மனைவி. "அவரு துடைக்க மறந்துட்டாரு."

கையில் மெத்தென்ற துணி. பானெட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரும்பி வந்தார். குனிந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்தார். எச்சிலைத் தொட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, நிதானமாக, முன்நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு வகிடு எடுத்தார். தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மீசையையும் ஒரு தடவை சீவிக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கண்ணாடியில கூட இப்படித் தெரிஞ்சதில்ல சார்!" என்றார். "என் கையில இருக்கிற நாலு வண்டியையும் உங்ககிட்ட அனுப்புறேன். என்ன போட்டுத் தேய்ச்சீங்க?"

பானெட்டின் மேல் குனிந்தேன். நேராகப் பார்த்தபோது கறுப்பும் புகையும்தான். தலையைச் சாய்த்தேன். வானம் தெரிந்தது. தெருவின் மின்சாரக் கம்பிகள் தெரிந்தன. அதில் உட்கார்ந்திருந்த காக்கை தெரிந்தது. எனக்குப் பின்னால் துணியோடு நிற்கிற மனைவியும் தெரிந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் பாலிஷ் போட்டதே இல்லை. இதை நேராகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. அவள் மிச்ச வண்டியையும் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஏறினார். வண்டி கிளம்பியது. கேட்டில் ஒரு உரசல் இல்லாமல் வெளியே போனது. என் கண் மங்கியதிலிருந்து அது அந்தக் கேட்டை ஒரு தடவையும் சும்மா விட்டதில்லை. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தாழ்வாரம் திடீரென்று பெரிய இடமாகிவிட்டது. எங்கே நிற்பது என்று தெரியாமல் கார் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"உள்ள வாங்க. வெயில் ஏறுது."

"மோசக்காரி."

"என்ன பண்ணினேன்?"

"பாட்டிலை மாத்தி வச்சிருக்கே. ஒண்ணுல இருந்ததைக் கொட்டிட்டு நாலை ஊத்தி வச்சிருக்கே. என் வித்தையை என்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எனக்கே குழி பறிச்சிருக்கே."

"நான் பாட்டிலைத் தொடக் கூட இல்ல."

"பின்னே எப்படி வகிடு தெரிஞ்சுது?"

அவள் வாளிக்குள்ளிருந்து காலிப் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"என்ன போட்டிருக்கு, படிங்க."

"ஒண்ணு."

"நல்லாப் பாருங்க."

தலையைச் சாய்த்தேன். குத்துக்கோடு. அதே குத்துக்கோடு. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். குத்துக்கோட்டுக்கு இடதுபக்கம் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. அவள் என் விரலைப் பிடித்து அதன்மேல் மெதுவாக வரைந்து காட்டினாள். சரிவாக ஒரு கோடு இறங்கியது. படுக்கையாக ஒரு கோடு போனது.

நான் தனியாக இன்னொரு தடவை வரைந்து பார்த்தேன். நாலு.

"அன்னிக்கே கேட்டேன், எந்த நம்பர்னு" என்றாள். "நாலுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது பொய்."

"தெரியும். நீங்க சொன்ன விதத்துலயே பொய்னு தெரிஞ்சுது. எட்டிப் பார்த்தா நிஜமா இருந்துச்சு. நான் என்ன பண்றது?"

"எலக்ட்ரீஷியன்?"

"சொல்ல வந்தாரு. நான்தான் வாயை அடைச்சேன். அயர்ன் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனது மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

"பார்த்துக்கிட்டே இருந்திருக்கே. சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஒண்ணாம் நம்பரை எடுத்திருப்பீங்க."

வாஸ்தவம், எடுத்திருப்பேன். ஆனால் அது எந்தப் பாட்டில் என்று அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.